மண்ணில்லா நாற்று: பஞ்சில் முளைத்தது ஏன் நிற்கவில்லை?

கடந்த பங்குனியில் பல்லடம் பக்கத்து விவசாயி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் ஈரமான பஞ்சுத் துண்டுகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு லெட்யூஸ் கீரை நாற்று. இரண்டு மட்டும் நிமிர்ந்து நின்றன. மற்றவை நூல்போல நீண்டு, இலை ஓரம் கருகி, பஞ்சின் மேலேயே சாய்ந்து கிடந்தன. பஞ்சின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

“ஏனுங்கம்மா, நாப்பது வருசமா தக்காளி நாத்தும் மொளகா நாத்தும் விட்டுட்டிருக்கறேன். இந்தப் பஞ்சுல மொளச்சது மட்டும் ஒண்ணும் நிக்க மாட்டேங்குதுங்க” என்றார்.

அவருடைய மகன் நகரத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் வைத்து வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் பெட்டி ஒன்றை வாங்கி அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். இதில் கீரை வந்துவிட்டால் அடுத்ததாகப் பத்து சென்டில் பசுமைக்குடில் போட்டு, குழாய்களில் லெட்யூஸ் வளர்ப்பது என்று திட்டம். வங்கியிலும் பேசிவிட்டார்கள். பெட்டி விற்றவர்களே பசுமைக்குடிலையும் அமைத்துத் தருவார்களாம், விளைச்சலையும் வாங்கிக்கொள்வார்களாம்.

நான் கேட்ட முதல் கேள்வி, “என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் அய்யா?” என்பதுதான். தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பாட்டிலில் கொண்டுவரச் சொல்லிச் சோதித்தோம். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், அதாவது இ.சி., 2.1 இருந்தது. கார அமில நிலையைச் சொல்லும் பி.எச். 8.2. நாற்று செத்ததற்கான பதிலில் பாதி அதிலேயே கிடைத்துவிட்டது.

இப்போது பல வீட்டு மாடிகளில் இந்தப் பெட்டிகளைப் பார்க்கிறேன். வேளாண் அலுவலர்களிடமும் இதைப் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கியிருக்கின்றன. வளர்ந்த செடியை எப்படிப் பராமரிப்பது என்று விளக்கும் படங்களும் காணொளிகளும் நிறைய. விதை போட்டதிலிருந்து நாற்றைக் குழாயில் வைக்கும் வரையிலான முதல் மூன்று வாரத்தைத்தான் யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. தோற்கிறவர்களில் பெரும்பாலோர் தோற்பது அந்த மூன்று வாரத்தில்தான்.

தண்ணீரில் என்ன இருக்கிறது?

இ.சி. 2.1 என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 1.3 கிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று பொருள். “இதே தண்ணியிலதானுங்க தக்காளி காய்க்குது” என்றார் அந்த விவசாயி. உண்மைதான். ஆனால் வயலில் மண் இருக்கிறது. மண்ணின் களியும் மட்கும் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஒரு மழை பெய்தால் உப்பு கீழே இறங்கிவிடுகிறது. அங்கே நிற்பதும் வேர் பிடித்த செடி. பஞ்சுத் துண்டில் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே தங்குகிறது. பஞ்சின் விளிம்பில் பூத்த வெள்ளை அதுதான். எந்தப் பயிருக்கும் உப்பைத் தாங்கும் சக்தி மிகக் குறைவாக இருப்பது நாற்றுப் பருவத்தில். அந்தப் பருவத்தில், இளம் தண்டைச் சுற்றி, ஊற்றிய தண்ணீரைவிட அடர்த்தியான உப்புக் கரைசல் நின்றிருக்கிறது.

அதோடு பெட்டியுடன் வந்த ஊட்டக் கரைசலையும் புட்டியில் எழுதியிருந்த முழு அளவில் கலந்திருக்கிறார். அது இன்னொரு 1.5. இரண்டும் சேர்ந்து 3.6. நன்றாக வேர் பிடித்த தக்காளிச் செடியே அந்த அளவில் திணறத் தொடங்கும். லெட்யூஸ் நாற்றுக்கு வேண்டியது 0.6 முதல் 0.8 வரைதான்.

எனவே விதை வாங்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் சோதித்துத் தருகிறார்கள். கட்டணம் குறைவு. கையில் வைத்துப் பார்க்கும் பேனா போன்ற கருவி வாங்குவதாக இருந்தால் இ.சி.யை நேரடியாகக் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். பி.பி.எம். கணக்கில் காட்டும் கருவிகளில் சில 500-ஆலும் சில 700-ஆலும் பெருக்கிக் காட்டுகின்றன. ஒருவர் சொல்லும் 700-ம் இன்னொருவர் சொல்லும் 500-ம் ஒரே தண்ணீராக இருக்கலாம்.

இ.சி. 0.5-க்குள் இருந்தால் நாற்றுக்குக் கவலையில்லை. 1 வரை இருந்தால் ஊட்டத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் மழைநீரைக் கலப்பதே வழி. மழைநீரில் உப்பு அநேகமாக இல்லை. 2.1 உள்ள கிணற்று நீர் ஒரு பங்கு, மழைநீர் மூன்று பங்கு கலந்தால் 0.55 அளவில் நிற்கும். மாட்டுக்கொட்டகைத் தகரக் கூரை 50 சதுர மீட்டர் இருந்தால், 20 மி.மீ. மழையில் கணக்குப்படி 1,000 லிட்டர் விழும். சிந்தியது, முதலில் கழுவி விட்டது போக 800 லிட்டராவது சேரும். ஒரு வீட்டின் நாற்றுத் தேவைக்கு இது மாதக் கணக்கில் வரும். வீட்டில் ஆர்.ஓ. கருவி இருப்பவர்கள் அதன் குடிநீரைப் பயன்படுத்தலாம். கழிவுக் குழாயில் வரும் தண்ணீர் கூடாது, உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

அடுத்தது பி.எச். ஹைட்ரோபோனிக்ஸில் 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். நம் மாவட்டங்கள் பலவற்றின் ஆழ்துளைத் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதற்கு மூலம் அதுதான். அது பி.எச்.சை எட்டுக்கு மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் கரைசலில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. புதிதாக வரும் குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். உடனே சத்துக் குறைவு என்று இன்னும் கொஞ்சம் கரைசலை ஊற்றுவார்கள். உப்பு ஏறும், மஞ்சள் போகாது.

எலுமிச்சைச் சாறும் வினிகரும் பி.எச்.சைக் குறைக்கும் என்பது சரிதான். ஆனால் அந்த அமிலங்களை நுண்ணுயிர்கள் தின்றுவிடுவதால் ஓரிரு நாளில் பி.எச். பழையபடி ஏறிவிடும். பாஸ்பாரிக் அமிலத்தைச் சில சொட்டுகளாக விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் கழித்து அளந்து பார்த்து, வேண்டுமானால் இன்னும் சில சொட்டு விடுவதே நிலைக்கும் முறை. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும். அமிலத்தைத் தண்ணீரில் விட வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தப் புட்டி பூட்டுக்குள் இருக்கட்டும்.

பஞ்சா, நார்த்தூளா?

பெட்டியோடு வரும் பஞ்சு கெட்டதல்ல. அதைத் தண்ணீரில் அமுக்கி, உள்ளிருக்கும் காற்றுக் குமிழியைப் பிழிந்து வெளியேற்றிய பிறகே விதை வைக்க வேண்டும். பிறகு தட்டில் நிற்கும் தண்ணீர் பஞ்சின் கால் பங்கு உயரத்துக்கு மேல் போகக் கூடாது. முழுகக் கிடந்தால் விதைக்குக் காற்று கிடைக்காது.

நான் எல்லோருக்கும் சொல்வது தென்னை நார்த்தூள்தான். பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்து கட்டிகளாக அமுக்கிக் கப்பலேற்றுகிறார்கள், வெளிநாட்டுப் பசுமைக்குடில்களில் தக்காளி வளர்வது அதில்தான். நமக்கு அது காலடியில் கிடைக்கிறது. ஆனால் நார்த்தூளில் இயற்கையாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் உண்டு. மட்டையை உவர்நீரில் ஊறவைத்திருந்தால் இன்னும் அதிகம். ஏற்றுமதிக்குப் போவதைக் கழுவி அனுப்புகிறார்கள். உள்ளூர்க் கடையில் கிடைப்பது கழுவியதா இல்லையா என்று கட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே கழுவிவிட வேண்டும். கட்டியை நல்ல தண்ணீரில் ஊறவைத்து உதிர்த்து, நிழல்வலைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். வடியும் நீர் காபி டிகாஷன் நிறத்தில் வரும். நிறம் வெளிறி, வடிநீரின் இ.சி. 0.5-க்குக் கீழ் வரும்வரை கழுவ வேண்டும். தண்ணீரால் மட்டும் போகாத பங்கு ஒன்று உண்டு. நாரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் பின்னர் மெல்ல வெளிவந்து, கரைசலில் உள்ள கால்சியத்தை நார் பிடித்துக்கொள்ளும். நாற்றின் குருத்து ஓரம் கருகி, இலை கோணலாக வருவது இதனால்தான். இதைத் தடுக்க, கழுவிய நார்த்தூளை 10 லிட்டருக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கலந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் மீண்டும் ஒருமுறை கழுவி விடுகிறேன். சொட்டுநீர் உரம் விற்கும் கடைகளில் கால்சியம் நைட்ரேட் கிடைக்கிறது. வடியும் நீரைத் தென்னை மரத்துக்கு விடலாம்.

தோட்டக்காரர்கள் செய்யும் ஒரு குறுக்கு வழியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மண் நாற்றங்காலில் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி, வேரை அலசி, பெட்டியில் நட்டுவிடுவது. வேர்த்தூவிகள் அறுந்துபோகும். அது பரவாயில்லை, புதிதாக வந்துவிடும். வேரோடு கூடவே வரும் பித்தியம் பூஞ்சைதான் பிரச்சினை. மண்ணில் மற்ற நுண்ணுயிர்களுக்கு நடுவே அடங்கிக் கிடக்கும் அது, சுழலும் தண்ணீரில் தட்டிக் கேட்க ஆளில்லாமல் ஒரே வாரத்தில் எல்லாச் செடியின் வேருக்கும் போய்ச் சேரும். தண்ணீரில் வளர்க்கப் போகும் நாற்றை மண்ணில்லாமலே முளைக்க வைப்பதுதான் நல்லது.

விதை விதம்

லெட்யூஸ் குளிர் தேசத்துக் கீரை. வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போனால் பல ரகங்களில் விதை உயிரோடு இருந்தும் முளைக்க மறுத்து உறங்கிவிடும். பங்குனி, சித்திரையில் மாடியில் விதைத்துவிட்டு விதை போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். ஈரத் தாளில் விதையைச் சுருட்டி, டப்பாவில் போட்டு, குளிர்பதனப் பெட்டியின் காய்கறி அறையில் ஓரிரு நாள் வைத்துவிட்டுப் பின்னர் வீட்டுக்குள் குளிர்ந்த தரையில் வைத்து முளைக்க விடலாம். மேலே நார்த்தூள் போட்டு மூடாதீர்கள். பல ரகங்களுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும்.

நம் கீரைகளுக்கு இந்தச் செல்லம் தேவையில்லை. அரைக்கீரையும் தண்டுக்கீரையும் வெயில் காலத்திலும் மூன்று முதல் ஐந்து நாளில் முளைத்துவிடும். விதை மிகச் சிறியது என்பதால் மேலே தூவி, லேசாக அழுத்தினால் போதும். கடைகளில் பாலக் என்று விற்கும் கீரையின் விதை ஒன்றல்ல, கொத்து. ஒரு விதை வைத்தால் இரண்டு மூன்று நாற்று வரும். நன்றாக உள்ளதை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் கூட வரும். கொத்தமல்லியை இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து விதைக்க வேண்டும். முளைக்க எட்டுப் பத்து நாள் ஆகும், பொறுமை வேண்டும். தக்காளி ஐந்து முதல் ஏழு நாள், மிளகாய் பத்து நாள் வரை.

பூஞ்சண மருந்து தடவாத விதையாக இருந்தால், கிலோவுக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்ற வழக்கமான பரிந்துரை இங்கேயும் பொருந்தும். நூறு விதைக்குச் சிட்டிகை அளவுகூட வராது. விதை மேல் படியும் அளவுக்குப் புரட்டி எடுத்தால் சரி.

மூடியைத் திறக்கும் நாள்

நாற்றுப் பண்ணைகளில் விதைத்த குழித்தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் போர்த்திவிடுவார்கள். உள்ளே ஈரமும் வெதுவெதுப்பும் நிற்பதால் முளைப்பு ஒரே சீராக வரும். வீட்டில் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினால் அதே வேலை நடக்கும். ஆனால் முதல் முளைகள் தலைகாட்டிய அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுநாள் காலையில் தண்டு ஒரு அங்குலம் நீண்டிருக்கும். இருட்டில் நீண்ட தண்டை எந்த மருந்தாலும் சுருக்க முடியாது. பல்லடத்து நாற்றுகள் நூலாக நீண்டதற்குக் காரணம் இதுதான். வெயில் பட்டால் வாடிவிடும் என்று சமையலறை மேடையில் நான்கு நாள் மூடியே வைத்திருந்திருக்கிறார்கள்.

முளைத்த நாற்றுக்குக் காலை வெயில் நல்லது. பத்து மணிக்கு மேல் ஐம்பது சதவீத நிழல்வலைக்குக் கீழே இருக்கட்டும். வீட்டுக்குள்தான் இடம் என்றால் 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கை நாற்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கட்டி, 14 மணி நேரம் எரிய விடலாம். விளக்கு கூரையில் இருந்தால் பயனில்லை, கிட்டே வர வேண்டும்.

உணவு எப்போது? விதைக்குள்ளேயே வித்திலைகள் விரியும்வரை வேண்டிய சாப்பாடு இருக்கிறது. அதுவரை வெறும் தண்ணீர் போதும். வித்திலைகளுக்கு நடுவே முதல் இலை எட்டிப் பார்க்கும்போது 0.6 முதல் 0.8 இ.சி. வரும்படி ஊட்டக் கரைசலைத் தொடங்கலாம். நடவுக்கு முந்தைய வாரம் 1.0 அல்லது 1.2 வரை ஏற்றலாம். இந்த எண்கள் எல்லாம் தண்ணீரில் ஏற்கெனவே உள்ள உப்பையும் சேர்த்து. கரைசல் அ, ஆ என இரண்டு புட்டிகளாக வருவதற்குக் காரணம் உண்டு. ஒன்றில் கால்சியம் இருக்கிறது, மற்றதில் சல்பேட்டும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. அடர்த்தியாக இருக்கும்போது இரண்டையும் கலந்தால் சுண்ணாம்புபோல் வெள்ளையாகப் படிந்துவிடும். படிந்தது செடிக்குக் கிடைக்காது. முதலில் வாளி நிறையத் தண்ணீர், அதில் ஒன்று, நன்றாகக் கலக்கிய பின் மற்றது.

புட்டி விலை அதிகம், 19:19:19 போட்டால் என்ன, யூரியா ஒரு கைப்பிடி போட்டால் என்ன என்று விவசாயிகள் கேட்காமல் இருப்பதில்லை. 19:19:19 உரத்தில் கால்சியம் கிடையாது. அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது. வயல் மண்ணில் நுண்ணுயிர்கள் யூரியாவை மாற்றிக் கொடுக்கும். புதிதாக நிரப்பிய தொட்டித் தண்ணீரில் அதற்கு ஆளில்லை, இருந்தாலும் முதலில் வருவது அம்மோனியா. நாற்று வேருக்கு அது நஞ்சு. பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் மண்ணுக்கானவை. தொட்டியில் ஊற்றினால் தண்ணீரிலுள்ள காற்றை நுண்ணுயிர்கள் தின்றுவிட்டு நாற்றம் எடுக்கும். மண்ணில் நான் அவற்றுக்கு எதிரியல்ல, இங்கே வேண்டாம் என்கிறேன்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் 6.9 மில்லிகிராம்தான். வெப்பம் ஏற ஏற வேர் அதிகமாக மூச்சு வாங்கும், தண்ணீரில் காற்று குறையும், பித்தியம் பூஞ்சைக்கோ கொண்டாட்டம். வேர் வெள்ளையிலிருந்து பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து நார் மட்டும் நிற்பது இந்தச் சேர்க்கையால்தான். தொட்டிக்கு வெள்ளை வண்ணம் அடியுங்கள், ஈரச் சாக்கைச் சுற்றுங்கள், வெறும் தரையில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். சித்திரையில் மொட்டை மாடி லெட்யூசுக்கு உகந்த இடமல்ல என்பதை ஏற்றுக்கொண்டு கீரை விதைப்பது இவை எல்லாவற்றையும்விடச் சுலபம்.

பெட்டிக்கு மாற்றும்போது

நாட்களை எண்ணுவதைவிட வேரைப் பாருங்கள். கட்டியின் அடியில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்து, நான்கு இலை வந்திருந்தால் மாற்றலாம். லெட்யூஸ், கீரைக்கு 15 முதல் 20 நாள், தக்காளிக்கு 25 நாள், மிளகாய்க்கு 35 நாளுக்கு மேல். மாலை நேரத்தில் மாற்றுங்கள். வலைக்கிண்ணத்தின் அடிப்பகுதியைத் தண்ணீர் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வேர் இறங்கிய பிறகு தண்ணீர் மட்டத்தை ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் என இறக்கிவிடலாம்.

மோட்டார் இல்லாத பெட்டிகளில் இது இன்னும் முக்கியம். ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி பரவலாக்கிய முறை அது. செடி தண்ணீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், மேலே காற்றில் நிற்கும் வேர்கள் மூச்சுக்கு, கீழே உள்ளவை நீருக்கு. குறைந்துவிட்டதே என்று பழைய மட்டத்துக்கு நிரப்பினால் காற்று வேர்கள் மூழ்கிச் செடி ஓரிரு நாளில் வாடும். தண்ணீருக்கு நடுவே நிற்கும் செடி ஏன் வாடுகிறது என்று புரியாமல் இன்னும் ஊற்றுவார்கள்.

சுழலும் பெட்டிகளில் ஆவியான அளவுக்கு வெறும் நல்ல தண்ணீரையே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கரைசலைச் சேர்த்தால் உப்பு ஏறும். வெளிச்சம் உள்ளே புகாமல் மூடியில் கறுப்புத் தாள் ஒட்டினால் பாசி வராது. திறந்த தொட்டி ஒன்றுகூட மாடியில் இருக்கக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடி அலைவது இப்படிப்பட்ட தெளிந்த, நிலைத்த தண்ணீரைத்தான். எல்லாத் திறப்புகளையும் வலைத் துணியால் கட்டுங்கள்.

பத்து சென்ட் பற்றி

அந்த விவசாயியின் மகன் தொலைபேசியில் என்னிடம், மண்ணில்லா முறையில் பல மடங்கு விளைச்சல் வருமாமே என்றார். இது புதிய விஷயமல்ல. 1860-களிலேயே ஜெர்மனியில் சாக்ஸ், நாப் ஆகியோர் செடியை உப்புக் கரைசலில் வளர்த்துக் காட்டிவிட்டார்கள். 1930-களில் கலிபோர்னியாவில் கெரிக்கி இதை விளைச்சல் முறையாக மாற்ற முயன்றபோது பத்திரிகைகள் கொண்டாடின. அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லாண்டும் ஆர்னனும் அதை நிதானமாகச் சோதித்து 1938-இல் ஒரு வெளியீடு எழுதினார்கள். நல்ல மண்ணிலும் நல்ல கரைசலிலும் ஒரே பராமரிப்பு கொடுத்தால் விளைச்சலில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அவர்கள் கண்டது. இன்றும் உலகம் முழுவதும் பயன்படும் ஊட்டக் கரைசல் ஹோக்லாண்டின் பெயரில்தான் இருக்கிறது. நம் நாட்டில் 1946-இல் டார்ஜிலிங் மாவட்டம் கலிம்போங்கில் ஷோல்ட்டோ டக்ளஸ் சரளையும் எளிய உரங்களும் கொண்டு சிக்கன முறை ஒன்றை முயன்று பார்த்தார். இடநெருக்கடி, நீர்ச் சிக்கனம், மண்நோய் இல்லாமை ஆகியவை இந்த முறையின் உண்மையான லாபங்கள். மண் நன்றாக உள்ள தோட்டத்தில் கடன் வாங்கிப் போடும்போது இந்த லாபங்களுக்கு எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். லெட்யூஸை நம் ஊர்ச் சந்தையில் யாரும் கேட்பதில்லை. விற்றுக்கொடுப்பதாகச் சொன்னவர் வாங்காவிட்டால் மூன்றாம் நாள் அது மாட்டுக்குத்தான்.

நான் அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். வங்கிக்குப் போகும் முன், இதே பெட்டியில், தன் தண்ணீரில், மூன்று முறை நூறு நாற்று விட்டுப் பார்த்து, ஒவ்வொரு முறையும் எத்தனை நின்றன என்று எழுதி வாருங்கள் என்றேன். விற்பவர்கள் சொல்லும் வாங்கும் ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் கேளுங்கள் என்றும் சொன்னேன்.

ஆடியில் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். சித்திரையில் கடையில் வாங்கிய ஆர்.ஓ. தண்ணீரில், கழுவிய நார்த்தூளில் விதைத்த நூறு லெட்யூஸில் முளைத்ததே நாற்பத்தொன்று, நின்றது பத்தொன்பது. வைகாசிக் கடைசியில் கொட்டகைக் கூரையில் பிடித்த மழைநீரில் விதைத்த அரைக்கீரையும் பாலக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. மூன்றாவது தடவை மீண்டும் லெட்யூஸ், குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள் வைத்து. நின்றது எழுபத்தாறு. ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டபோது விற்பவர்கள் அதன் பிறகு பேசவில்லையாம்.

பசுமைக்குடிலை மகனும் அவரும் தள்ளி வைத்துவிட்டார்கள். கொட்டகைக் கூரைக்கு இப்போது முறையாகத் தகர ஓடை வைத்து 2,000 லிட்டர் தொட்டி போட்டிருக்கிறார். பஞ்சுப் பெட்டியில் வீட்டுக்குக் கீரை வருகிறது. நார்த்தூள் கழுவுவதைக் கற்றுக்கொண்ட கையோடு, நிழல்வலைக்குக் கீழே குழித்தட்டில் மிளகாய் நாற்று விட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இருவருக்குக் கொடுத்திருக்கிறார். புறப்படும்போது, “கத்திரிக்கும் இந்த கால்சியம் நைட்ரேட்டு ஊறப்போடணுங்களா, அம்மா?” என்று கேட்டார். எந்த நாற்றாக இருந்தாலும் நார்த்தூள் அதேதான், ஊறப்போட வேண்டும் என்றேன்.